ஸ்ட்ரென்த் 14, த்ரெட் சைபர்... கண்ண மூடிட்டு வாங்கலாமா? - பங்குச்சந்தை கேள்வி பதில்

போன தடவ "ஒரு ஷேர வாங்கறதுக்கு முன்னாடி அதோட பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து நாலையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க"ன்னு ஒரே ஒரு வரி எழுதுனேன். இங்கிலீஷ்ல ஸ்ட்ரென்த், வீக்னஸ், ஆப்பர்ச்சூனிட்டி, த்ரெட், சுருக்கமா ஸ்வாட். அவ்ளோதான், இந்த தடவ வந்த கடிதம் பாதிக்கு மேல அதப் பத்திதான். சிலர் எழுதியே அனுப்பிட்டாங்க, திருத்தி மார்க் போடச் சொல்லி! மார்க் எல்லாம் போட முடியாதுங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். கீழ வர்ற கம்பெனி பேரெல்லாம் உதாரணத்துக்கு மட்டும்தான், வாங்குங்க விக்குங்கன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க.

கேள்வி: சார், போன்ல ஒரு ஆப் வெச்சிருக்கேன். எந்த ஷேர தட்டுனாலும் கீழ ஸ்வாட்னு நாலு கலர்ல கட்டம் வருது. நான் பாத்து வெச்சிருக்கற ஷேருக்கு ஸ்ட்ரென்த் 14, வீக்னஸ் 1, ஆப்பர்ச்சூனிட்டி 3, த்ரெட் 0ன்னு காட்டுது. த்ரெட்டே சைபர்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்ல?
- வாசகர், தேனி

பதில்: கண்ண மூடிட்டுன்னு நீங்களே எழுதிட்டீங்க தம்பி, அதுலயே பாதி பதில் வந்துருச்சு.

அந்த 14ஐ ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்தீங்களா? புரமோட்டர், அதாவது கம்பெனி முதலாளி, தன் ஷேர அடமானம் வெக்கல, மியூச்சுவல் ஃபண்ட் கூட வாங்கிருக்கு, விலை 50 நாள் சராசரிக்கு மேல, 200 நாள் சராசரிக்கு மேல, 52 வார உச்சத்துக்கு பக்கத்துல... இப்படித்தான் போகும். இதுல அஞ்சாறு "விலை ஏறிருக்கு"ங்கற ஒரே சேதியத்தான் வேற வேற சட்டை மாட்டி நிக்க வெச்சிருக்கு. நாளைக்கே விலை இறங்குனா அந்த 14 அப்படியே 5 ஆயிடும், கம்பெனில ஒரு செங்கல் கூட மாறிருக்காது. ஆப்ப குறை சொல்லல, அதுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும், நடந்து முடிஞ்சதுதான் நம்பரா வரும். ஆபத்துங்கறது இனிமே நடக்கப் போறது, அத நீங்கதான் யோசிக்கணும்.

பலம் பலவீனம் ரெண்டும் கம்பெனிக்கு உள்ள இருக்கறது, வாய்ப்பு ஆபத்து ரெண்டும் வெளியிலேர்ந்து வர்றது. படிக்க ஈஸி, எழுத உக்காந்தா தலை சுத்தும். ஐஆர்சிடிசிய எடுத்துக்கோங்க, நம்ம எல்லாரும் ராத்திரி முழிச்சு உக்காந்து தீபாவளிக்கு டிக்கெட் போட்ட கம்பெனி. ரிசர்வேஷன் டிக்கெட்ட ஆன்லைன்ல விக்க வேற ஆளே கிடையாது, வேற ஆப்ல போட்டாலும் அது இவங்க வழியாத்தான் போகும். ஏசி இல்லாத டிக்கெட்டுக்கு 15 ரூபா வரைக்கும், ஏசிக்கு 30 ரூபா வரைக்கும் கன்வீனியன்ஸ் ஃபீ, அதுக்கு மேல ஜிஎஸ்டி. கடன் இல்ல. செலவும் பெருசா இல்லாம கல்லாவுல வந்து விழற காசு. 2019ல ஐபிஓ, அதாவது முதல் தடவையா ஷேர பொதுமக்களுக்கு வித்த விலை 320 ரூபா, அக்டோபர் 14 லிஸ்டிங் அன்னைக்கே டபுளுக்கு மேல போச்சு. ஸ்ட்ரென்த் கட்டம் நிரம்பி வழியும்.

2021 அக்டோபர் 28 சாயந்திரம் ஒரு அறிவிப்பு வந்துச்சு, இந்த கன்வீனியன்ஸ் ஃபீல பாதிய இனிமே ரயில்வேக்கு குடுக்கணும்னு. மறுநாள் காலைல மார்க்கெட் திறந்தா, முந்தின நாள் 900 சொச்சத்துல முடிஞ்ச ஷேர் 650 பக்கம் வந்து நிக்குது! கலாட்டா பெருசாகி அன்னைக்கே அந்த முடிவ வாபஸ் வாங்கிட்டாங்க, விலையும் பெருமளவு திரும்பிருச்சு. ஆனா அந்த ரெண்டு மூணு மணி நேரத்துல பயந்து வித்தவங்க வித்ததுதான்.

இதுல நான் பாக்கச் சொல்றது என்னன்னா, இந்த ஆபத்து வானத்துலேர்ந்து குதிக்கல. 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சப்போ ஆன்லைன் டிக்கெட்டுக்கான சர்வீஸ் சார்ஜையே மொத்தமா ரத்து பண்ணாங்க, கிட்டத்தட்ட மூணு வருஷம் அது இல்லாமதான் ஓடுச்சு, 2019 செப்டம்பர்லதான் திரும்ப வந்துச்சு, அந்த மாசக் கடைசிலதான் ஐபிஓவும் திறந்துச்சு. அதாவது ஏகபோகத்த குடுத்ததும் ரயில்வே, கட்டணத்த எவ்ளோன்னு சொல்றதும் அரசாங்கம், கம்பெனில பெரும்பான்மை பங்கு வெச்சிருக்கறதும் அதே அரசாங்கம். ஒவ்வொரு ஸ்ட்ரென்த்துக்கும் பக்கத்துல "இத யாரு குடுத்தாங்க, யாரு நெனச்சா புடுங்கலாம்"னு ஒரு வரி எழுதுங்க. ஐஆர்சிடிசிக்கு அப்படி எழுதிருந்தா த்ரெட் கட்டம் தன்னால நிரம்பிருக்கும்.

இதே மாதிரி இன்னொண்ணு இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச், கரண்ட் வாங்கி விக்கற சந்தை. கடன் இல்ல, போட்டின்னு சொல்லிக்கற மாதிரி ஆளும் இல்ல. 2025 ஜூலைல மின்சார ஒழுங்குமுறை ஆணையம் "மார்க்கெட் கப்ளிங்" கொண்டு வர்றோம்னு ஒரு உத்தரவு போட்டுச்சு, அதாவது எந்த எக்ஸ்சேஞ்ச்ல ஆர்டர் போட்டாலும் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து ஒரே விலை. எல்லாரும் இங்க வந்ததே இங்கதான் நெறைய பேர் இருக்காங்க, நல்ல விலை கிடைக்கும்னுதான், விலை எங்க போனாலும் ஒண்ணுன்னு ஆயிட்டா இங்கதான் வரணும்னு என்ன கட்டாயம்? ஒரே நாள்ல கால்வாசிக்கு மேல விலை போச்சு. முந்தின நாள் வரைக்கும் உங்க ஆப்ல அதுக்கும் பச்சைக் கட்டம்தான் பெருசா இருந்திருக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, நமக்கு டவுன்ல சின்ன நகைக்கடை, பின்னாடியே பட்டறையும் இருக்கு. அப்பா காலத்துக் கடை. மவன் இப்ப டைட்டன் ஷேரு வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். அவங்களோட தனிஷ்க் நகைக்கடை நமக்கு போட்டி, போட்டிக் கடைக்காரன் ஷேர நாமளே வாங்குனா நல்லாவா இருக்கும்? அந்த நாலு கட்டத்த போட்டுக் காட்டுங்களேன்.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அண்ணாச்சி, இந்த கேள்விக்கு நான் உங்ககிட்ட பதில் கேக்கணும். செய்கூலி சேதாரத்துல எவ்ளோ நிக்கும், கல் வெச்ச நகைல எவ்ளோ நிக்கும்னு உங்களுக்கு தெரியற அளவுக்கு மும்பைல ரிப்போர்ட் எழுதறவருக்கு தெரியாது.

டைட்டன்னா நெறைய பேர் வாட்ச் கம்பெனின்னு நெனைக்கறாங்க. 1984ல டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேந்து ஆரம்பிச்சது, ஓசூர் ஃபேக்டரி, இன்னைக்கும் டிட்கோ கைல 27.88 சதவீதம் இருக்கு, டாடா குழுமத்த விட கூட. ஆனா இப்போ விற்பனைல அஞ்சுல நாலு பங்குக்கு மேல நகைதான், அதனால நகைக்கடையா நெனச்சுத்தான் பாக்கணும்.

தனிஷ்க்கோட பெரிய பலம் நம்பிக்கை. 90கள்ல கேரட்மீட்டர்னு ஒரு மெஷின கடைல வெச்சு, வீட்டு நகைய கொண்டாங்க சுத்தம் எவ்ளோன்னு பாத்துச் சொல்றோம்னாங்க, பாத்தவங்கள்ல நெறைய பேருக்கு அதிர்ச்சி, 22 கேரட்னு வாங்குனது அவ்ளோ இல்ல. அந்த ஒரு மெஷின் பண்ணுன வேலைய எந்த விளம்பரமும் பண்ணிருக்காது. சரி, 2021 ஜூன் 16லேர்ந்து ஹால்மார்க்க படிப்படியா கட்டாயமாக்கிட்டாங்க, 2023 ஏப்ரல்லேர்ந்து எழுத்தும் எண்ணுமா ஆறு இலக்கத்துல ஹெச்யுஐடிங்கற அடையாளக் குறி இல்லாம ஹால்மார்க் நகை விக்கவே கூடாதுன்னு ஆச்சு. இப்ப உங்க கடை நகைலயும் அதே முத்திரை, அவங்க நகைலயும் அதே முத்திரை. இத எந்த கட்டத்துல போடுவீங்க?

சுத்தம்ங்கற பலம் எல்லாருக்கும் பொதுவாயிட்டதால அவங்க பலம் கொஞ்சம் கரைஞ்சுது, அது ஒரு பக்கம். ஹால்மார்க், பில்லு, ஜிஎஸ்டின்னு வந்தப்புறம் கணக்கில்லாம ஓட்டிட்டு இருந்த கடைங்களோட வியாபாரம் பெரிய கடைங்க பக்கம் நகர்றது இன்னொரு பக்கம், அது வாய்ப்பு. ஒரே சட்டம், ரெண்டு கட்டத்துலயும் நிக்குது. பேப்பர்ல ரெண்டு எடத்துலயும் எழுதுங்க, எது பெருசுன்னு அப்புறம் பாப்போம்.

உங்க மவன் கணக்கப் பாத்துட்டு "கடன் நெறைய இருக்கே"ன்னு கேப்பாரு. அதுல ஒரு பகுதி பேங்க்லேர்ந்து தங்கத்தையே கடனா வாங்கறது, நகை விக்கற அன்னைக்கு விலைக்கு கணக்க தீக்கறது, இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. தங்கம் விலை இறங்குனா ஸ்டாக்ல அடி விழாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு, பலவீனம் மாதிரி தெரியறது உண்மைல குடை. ஆனா குடைல ஒரு ஓட்டை இருந்துச்சு. 2024 ஜூலை 23 பட்ஜெட்ல தங்கத்து மேல இறக்குமதி வரிய 15லேர்ந்து 6 சதவீதத்துக்கு கொறச்சாங்க. வரி கட்டி வாங்கி வெச்ச சரக்குல அந்த வரி பாகத்துக்கு காப்பு கிடையாது, அது நஷ்டம். அன்னைக்கு ஷேர் என்னாச்சு தெரியுமா, ஏறுச்சு! விலை கொறஞ்சா ஜனங்க வாங்குவாங்கன்னு. கூட்டமும் வந்துச்சு, ஆனா ஜூலை-செப்டம்பர் காலாண்டு ரிசல்ட் வந்தப்போ லாபம் முந்தின வருஷத்த விட நல்லாவே கொறஞ்சிருந்துச்சு. அன்னைக்கு ஓடிப் போய் வாங்குனவங்க வாய்ப்பு கட்டத்த மட்டும் படிச்சவங்க.

ஆபத்துன்னு பாத்தா, அதே ஜூலைல ஆதித்ய பிர்லா குழுமம் 5,000 கோடி போட்டு இந்த்ரியான்னு நகைக்கடை ஆரம்பிச்சாங்க, கல்யாண் மாதிரி ஆளுங்க ஊர் ஊரா கடை திறக்கறாங்க, லேப்ல செய்யற வைரம் விலை சரிஞ்சுட்டே வருது, வைர நகைலதான் மார்ஜின் கூடங்கறதால இத நான் கொஞ்சம் பெருசாவே எழுதுவேன். அப்புறம் நம்ம ஊரு விஷயம் ஒண்ணு: கல்யாணத்துக்கு 40 பவுன் எடுக்கற குடும்பம் சேதாரம் ஒரு சதவீதம் கம்மின்னா எதிர்க்கடைக்கு போயிடும், பிராண்டெல்லாம் அப்புறம். இது உங்களுக்கு தினமும் கண் முன்னாடி நடக்கறது.

போட்டிக்காரன் ஷேர வாங்கறது தப்பான்னு கேட்டீங்க. தப்பே இல்ல, அவங்க உங்க வியாபாரத்த எடுத்துக்கிட்டா அதுல ஒரு துளி திரும்ப வருது. ஆனா ஒண்ணு, தங்கத்துக்கே மவுசு கொறஞ்சா கடையும் படுக்கும் ஷேரும் படுக்கும். கடைல ஏற்கனவே உங்க சொத்து பூரா தங்கமாத்தான் கிடக்கு, அத மவன்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: ஆண்டறிக்கைல எல்லாம் இருக்குன்னு சொல்றீங்க சார். டவுன்லோட் பண்ணா 380 பக்கம்! பாதி போட்டோ, மீதி புரியாத கணக்கு. எங்கதான் பாக்கறது?
- வாசகி, சேலம்

பதில்: மரம் நடற போட்டோவையும் சேர்மன் கடிதத்தையும் தள்ளிட்டு நேரா "மேனேஜ்மென்ட் டிஸ்கஷன் அண்ட் அனாலிசிஸ்"ங்கற பகுதிக்கு போங்க மேடம். அதுல "ஆப்பர்ச்சூனிட்டீஸ் அண்ட் த்ரெட்ஸ்"னு ஒரு தலைப்பு கண்டிப்பா இருக்கணும், பங்குச்சந்தைய கண்காணிக்கற செபியோட விதியே அப்படித்தான். அதாவது நாலுல ரெண்டு கட்டத்த கம்பெனியே எழுதிக் குடுக்கணும். ஆனா எழுதறாங்களே எப்படி, "கடும் போட்டி, மூலப்பொருள் விலை ஏற்றம், உலகப் பொருளாதாரச் சூழல்"னு, எந்த கம்பெனிக்கு வேணா வெட்டி ஒட்டலாம். அதனால ஒரு வருஷத்த மட்டும் படிக்காதீங்க, மூணு வருஷத்த பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, இந்த வருஷம் புதுசா எது வந்திருக்கு, போன வருஷம் பெருமையா சொன்ன எது காணாம போயிருக்கு. காணாம போனதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி!

அதே எடத்துல சில ரேஷியோ, கடனுக்கு சரக்கு வாங்குனவங்ககிட்டேர்ந்து பணம் வர்ற வேகம், சரக்கு நகர்ற வேகம், வட்டி கட்டற தெம்பு இதெல்லாம் போன வருஷத்த விட 25 சதவீதமோ அதுக்கு மேலயோ மாறிருந்தா ஏன் மாறுச்சுன்னு விளக்கம் குடுக்கணும். ரெண்டு வரிதான் இருக்கும், படிச்சிருங்க. அப்புறம் நோட்ஸ்ல "கன்டின்ஜென்ட் லயபிலிட்டி", நம்ம பாஷைல சொன்னா ஜாமீன் கையெழுத்தும் கோர்ட்டுல நிக்கற வரி பாக்கியும். இன்னைக்கு கடன் இல்ல, நாளைக்கு ஆகலாம். அது கம்பெனியோட மொத்த நெட் வொர்த்துல, அதாவது சொத்துலேர்ந்து கடன கழிச்ச மீதில, பாதின்னா யோசிக்கணும்.

ஒரு சின்ன டேபிள் எவ்ளோ பேசும்னு ஒரு பழைய கதை சொல்றேன். யெஸ் பேங்க், 2015-16க்கு வாராக்கடன் 749 கோடின்னு கணக்கு காட்டிருந்தாங்க. ரிசர்வ் பேங்க் போய்ப் பாத்துட்டு 4,926 கோடின்னு சொன்னுச்சு. ஆறு மடங்குக்கு மேல! இந்த வித்தியாசத்துக்கு "டைவர்ஜென்ஸ்"னு பேரு, குறிப்பிட்ட அளவுக்கு மேல போனா வெளிய சொல்லியே ஆகணும்னு 2017ல ரிசர்வ் பேங்க் விதி கொண்டு வந்துச்சு, அதனால அந்த வருஷ ரிப்போர்ட்லயே பட்டியல் போட்டு வந்துருச்சு. அடுத்த வருஷக் கணக்குக்கும் அதே மாதிரி ஆயிரக்கணக்கான கோடி வித்தியாசம். ஷேர் என்ன பண்ணுச்சு? ஏறுச்சு. 2018 ஆகஸ்ட்ல 400 ரூபாய தொட்டுச்சு. செப்டம்பர்ல நிர்வாக இயக்குநரோட பதவிக்காலத்த ரிசர்வ் பேங்க் கொறச்சப்போதான் சரிய ஆரம்பிச்சுது. 2020 மார்ச் 5ல அக்கவுன்ட்லேர்ந்து 50,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு கட்டுப்பாடு, அந்த ஜூலைல 12 ரூபாய்க்கு புது ஷேர் வித்தாங்க. டேபிள் வந்ததுக்கும் விலை விழ ஆரம்பிச்சதுக்கும் நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல டைம் இருந்துச்சு மேடம், யார் வேணா படிச்சிருக்கலாம்.

புதுசா லிஸ்ட் ஆன கம்பெனின்னா ஐபிஓவுக்கு முன்னாடி போடற விவரப் புத்தகம், ப்ராஸ்பெக்டஸ்ல "ரிஸ்க் ஃபேக்டர்ஸ்" படிங்க. வக்கீல் எழுதறது, பின்னாடி யாரும் கேஸ் போடக்கூடாதுன்னு எல்லாத்தையும் கொட்டி வெச்சிருப்பாங்க. முதல்ல வர்ற பத்து போதும்.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரி நாலு கட்டமும் போட்டு, பலம் நெறைய இருக்குன்னு தெரிஞ்சுதான் 2022ல ஏஷியன் பெயின்ட்ஸ் வாங்குனேன். ரிட்டயர்மென்ட் பணம். எங்க தப்பாச்சு?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: ஐயா, பலத்த நீங்க சரியாத்தான் எழுதிருப்பீங்க. நடுவுல ஹோல்சேல் ஆள் இல்லாம நேரா கடைக்கே சப்ளை, ஒரு நாளைக்கே ஒண்ணுக்கு மேல வண்டி வரும், கடைக்காரர் சரக்க தேக்கி வெக்க வேண்டாம். இன்னைக்கும் அந்த பலம் அப்படியேதான் இருக்கு.

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஒண்ணு, 2021 ஜனவரிலயே பிர்லா குழுமத்தோட கிராசிம் பெயின்ட் தொழிலுக்கு வர்றோம், 5,000 கோடி போடறோம்னு சொல்லிட்டாங்க, 2022 மே மாசம் அத 10,000 கோடின்னு டபுள் பண்ணாங்க. 2024 பிப்ரவரில பிர்லா ஓபஸ் வந்தே வந்துருச்சு, ஒரு ஃபேக்டரி நம்ம செய்யாறுலயே இருக்கு. கலர் கலக்கற மெஷின கடைக்காரருக்கு இலவசமாவே குடுத்தாங்க. நாள் குறிச்சு சொல்லிட்டு வந்த ஆபத்து இது, இவ்ளோ மரியாதையா எந்த ஆபத்தும் வராது! 2024-25ல ஏஷியன் பெயின்ட்ஸ் விற்பனையே முந்தின வருஷத்த விட கொறஞ்சுது, லாபம் இன்னும் கூட.

ரெண்டாவது, இந்த ஸ்வாட் நாலு கட்டத்துல விலைக்குன்னு கட்டமே கிடையாது. கம்பெனி நிர்வாகம் தனக்குத்தானே போட்டுப் பாக்கற கணக்கு அது, முதலீட்டாளருக்குன்னு செஞ்சது இல்ல. 2022 தொடக்கத்துல ஷேர் 3,500 ரூபாய தொட்டுச்சு, வருஷ லாபத்தப் போல 80 மடங்குக்கும் மேல விலை. அந்த விலைல எல்லா பலத்துக்கும் நீங்க முன்கூட்டியே காசு குடுத்துட்டீங்க. 2025 தொடக்கத்துல 2,300 பக்கம் வந்து நின்னப்போ கம்பெனி கெட்டுப் போகல, விலை சாதாரணத்துக்கு திரும்புச்சு, அவ்ளோதான். அஞ்சாவதா ஒரு கட்டம் நீங்களே கோடு போட்டுக்கோங்க. இப்ப வெச்சுக்கறதா விக்கறதாங்கறது உங்களுக்கு மாசச் செலவுக்கு இந்தப் பணம் வேணுமா வேணாமாங்கறதப் பொறுத்தது, அது கடிதத்துல இல்ல. பக்கத்து பெயின்ட் கடைல போய் பத்து நிமிஷம் நில்லுங்க, வர்ற பெயின்டர் எந்த டப்பாவ கேட்டு வாங்கறாருன்னு பாருங்க, கடைக்காரர் எத எடுத்து நீட்டறாருன்னும் பாருங்க.

கேள்வி: மச்சான் ஒரு டெலிகிராம் குரூப்ல சேத்து விட்டான். அதுல ஷேர் பேரோட ஸ்வாட் அட்டவணையும் அழகா போட்டு அனுப்பறாங்க. நம்பலாமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: அனுப்பறவர்கிட்ட செபி பதிவு எண் கேளுங்க. ரிசர்ச் அனலிஸ்ட்டுன்னா ஐஎன்ஹெச்னு ஆரம்பிக்கும், அட்வைசர்னா ஐஎன்ஏ. செபி தளத்துல போட்டு பேரு ஒத்து வருதான்னு பாருங்க. கேட்ட அஞ்சாவது நிமிஷம் உங்கள குரூப்ல இருந்து தூக்கிட்டாங்கன்னா பதில் கிடைச்சிருச்சு. மச்சான பகைச்சுக்காதீங்க.

கேள்வி: பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். எக்ஸ்போர்ட் ஆர்டர் எப்படி வருதுன்னு எனக்கு நல்லா தெரியும்ங்க, அதனால டெக்ஸ்டைல் ஷேர்லயே மொத்தமா போடலாம்னு இருக்கேன்.
- வாசகர், திருப்பூர்

பதில்: தொழில் தெரிஞ்சது பலம்தாங்க, கம்பெனிய எடை போட அத விட நல்ல சாமான் இல்ல. ஆனா உங்களுக்கே ஒரு ஸ்வாட் போட்டுப் பாருங்க. 2025 ஆகஸ்ட் 27லேர்ந்து அமெரிக்கா நம்ம சரக்கு மேல 50 சதவீதம் வரின்னு ஆக்குனப்போ உங்க ஊர்ல ஓவர்டைம் என்ன ஆச்சு, டெக்ஸ்டைல் ஷேர் என்ன ஆச்சு? ரெண்டும் ஒரே சமயத்துல அடி வாங்கும். அதே வருஷம் ஜூலைல பிரிட்டனோட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அது வாய்ப்பு, ஆனா அது பலிச்சாலும் சம்பளமும் ஷேரும் சேந்துதான் ஏறும். வேல போற மாசத்துலயே சேமிப்பும் பாதியாகற மாதிரி வெச்சுக்காதீங்க, கொஞ்சம் போடுங்க, மீதிய அமெரிக்காவுக்கும் துணிக்கும் சம்பந்தமே இல்லாத எடத்துல போடுங்க.

கேள்வி: எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க இப்படி எழுதி வெச்சும் ஏமாந்தது உண்டா? மறைக்காம சொல்லணும்!
- வாசகி, காரைக்குடி

பதில்: உண்டு ஆச்சி. 2007 கடைசி, எத வாங்குனாலும் ஏறுன காலம். ரோடு, பாலம் கட்டற ஒரு கம்பெனி, பேர விடுங்க. 80 பக்க நோட்டுல கோடு போட்டு ஸ்ட்ரென்த்னு எழுதி "ஆர்டர் புக் வருஷ விற்பனையப் போல நாலு மடங்கு"ன்னு ரெண்டு தடவ அடிக்கோடு போட்டேன். ஆர்டர் இருந்துச்சு, வேலையும் நடந்துச்சு, பில் போட்ட காசுதான் வரல. வர வேண்டிய பாக்கி ஒவ்வொரு வருஷமும் விற்பனைய விட வேகமா ஏறிட்டு இருந்துச்சு, பேலன்ஸ் ஷீட்ல ஒரே வரி, நான் அந்தப் பக்கமே திருப்பல. காசு வராததால பேங்க்ல கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு இன்னொரு கடன். முதலாளி தன் ஷேர அடமானம் வெச்சிருந்ததும் எனக்கு தெரியாது, அப்போ அத வெளிய சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சத்யம் கம்பெனியோட கணக்கு மோசடி வெடிச்சப்புறம் 2009ல தான் செபி கட்டாயம் ஆக்குச்சு. 2008 ஜனவரில மார்க்கெட் விழுந்தப்போ "நல்ல கம்பெனி"ன்னு இன்னும் கொஞ்சம் வாங்குனேன், அது அடுத்த கூத்து. கடைசில வித்தப்போ கைல வந்தது ஒரு கிரைண்டர் வாங்கற காசு, அதுலயே கிரைண்டரும் வாங்குனோம், இன்னும் ஓடுது.

அந்த நோட்ட போன வாரம் பரண்ல தேடி எடுத்தேன், உங்க கடிதத்துக்காகத்தான். ஸ்ட்ரென்த்துக்கு ஒரு பக்கம் பூரா எழுதிருக்கேன். த்ரெட்ங்கற கட்டத்துல ஒரே ஒரு வார்த்தை இருக்கு, "மழை".